நோயுற்ற குழந்தையும் நீர்க்கணக்கும்



கிழக்கு வெளுக்கும் முன்னரே பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் செல்லும் பெற்றோர் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுகின்றனர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. அங்கே தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலையில் வந்து நின்று ஒலி எழுப்புகின்றது. வீட்டில் எஞ்சியிருப்போர் பாட்டியும், அக்காளோ அண்ணனோ ஒருவரும், அவர்தம் மடியில் ஒரு சிறு குழந்தையுமே. அக்குழந்தைக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. அல்லது உடம்பு நெருப்பாய்ச் சுடுகின்றது. “ஒன்றுமில்லை, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டுத் தாய் செல்கின்றாள். பெரும்பாலான நாள்களில் அவள் சொன்னதே சரியாக இருக்கும். அவ்வாறு இராத ஒரு நாளைப் பற்றியதே இக்கட்டுரை.

சளி, இருமல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை குழந்தை வளரும் வீட்டில் அடிக்கடி தலைகாட்டும் சிறு நோய்கள். இவற்றுள் பல, மருந்தின்றியே சில நாள்களில் தாமே நீங்கிவிடும். ஆயினும் சிறு நோய் பெரு நோயாய் மாறும் வழி ஒன்று உண்டு. உடம்பிலுள்ள நீர் குறைந்துபோவதே அவ்வழி. பச்சிளங் குழந்தையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராகும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தால் அதன் எடையில் 100க்கு 5 பங்கு போய்விடுகின்றது; அப்போதே வாய் உலரத் தொடங்கும். ஒரு லிட்டரை இழந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அறுபது கிலோ எடையுள்ள தந்தை வெயிலில் வேலை செய்து அதே ஒரு லிட்டரை வியர்வையாக இழந்தாலும், வீடு திரும்பியதும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுவேலை பார்ப்பார். பெரியவருக்கு ஒரு செம்பு. குழந்தைக்கோ அதுவே வாழ்வும் சாவும். ஆகவே நோயுற்ற குழந்தைக்குக் காவலாய் இருப்பவர், மருந்துப் பெயர்களை அறியாவிட்டாலும் குற்றமில்லை. உள்ளே சென்ற நீர் எவ்வளவு, வெளியே போன நீர் எவ்வளவு என்னும் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வழக்கம் இதற்கு நேர்மாறானது. வயிறு போகின்றதா? எதுவும் கொடுக்காதே, வயிறு காயட்டும் என்பார்கள். தண்ணீர் கொடுத்தால் அத்தண்ணீரே வெளியே போகின்றது, கொடுக்காவிட்டால் போக்கு நின்றுவிடுகின்றது என்று கண்ணால் கண்டதைக் கொண்டு சொல்கின்றார்கள். கண்டது உண்மைதான், அதிலிருந்து கொண்ட முடிவே தவறு. போக்கு நின்றது நோய் நீங்கியதனால் அன்று. உடம்பில் போவதற்கு நீர் இல்லாததனாலும் இருக்கலாம். கிணறு வற்றிய பின் ஏற்றம் இறைப்பது நிற்பதைப் போன்றது அது.

அப்படியானால் குடிக்கும் தண்ணீர் ஏன் உடம்பில் தங்குவதில்லை? குடலின் உட்சுவரில் உப்பையும் சர்க்கரையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில்கள் விசித்திரமானவை. உப்பு தனியே வந்தால் நன்கு திறப்பதில்லை. சர்க்கரை தனியே வந்தாலும் திறப்பதில்லை. இரண்டும் கைகோத்து வந்தால்தான் திறந்து வழிவிடுகின்றன. அவை உள்ளே சென்றதும் தண்ணீரும் அவற்றைப் பின்தொடர்ந்து உடம்புக்குள் சென்றுவிடும். கடும் வயிற்றுப்போக்கினால் குடலின் மற்ற வேலைகள் கெட்டிருந்தாலும் இவ்வாயில்கள் பெரும்பாலும் கெடுவதில்லை. இதுதான் உப்புச் சர்க்கரை நீரின் இரகசியம்.

இதனைப் பெரிய அளவில் உலகம் கண்டுகொண்டது ஒரு துன்பக் காலத்தில். 1971ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் ஓடிவந்தனர். மேற்கு வங்காளத்தின் பன்காவ் நகரத்து முகாமில் காலரா பரவிற்று. நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளர். அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைக் குவளையில் பிடித்து ஊட்டினர். 100க்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த முகாமில், அந்நீரைப் பருகியோருள் 100க்கு 4 பேருக்கும் குறைவானவர்களே இறந்தனர். ஊட்டியவர்கள் மருத்துவர்களல்லர், தாதியரல்லர். தாயும் தமக்கையும் தமையனும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 1978ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இஃது அமையக்கூடும் என்று எழுதிற்று. அப்பெரியவர் 2022ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிறகு வங்காளதேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரலால் எடுத்த உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கொண்டு அந்நீரைக் கலக்கக் கற்றுக்கொடுத்தது. கற்பித்தவர்களுக்கு ஊதியம், கற்ற தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைச் சோதித்துப் பார்த்தே கொடுக்கப்பட்டது. மாணவர் பெற்ற புள்ளிகளைக் கொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் என்றால் எங்களைப் போன்றோர் பாடு என்னாகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ஆயினும் அம்முறை பலித்தது.

இனி, நம் வீட்டில் அந்நீரைத் தயாரிக்கும் முறையைப் பார்ப்போம். கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே முதன்மையானது. பொட்டலத்தின் மேல் எவ்வளவு நீர் என்று எழுதியிருக்கும். ஒரு பொட்டலம் 200 மில்லிலிட்டருக்கும், இன்னொன்று 250க்கும், வேறொன்று ஒரு முழு லிட்டருக்கும் உரியதாக இருக்கலாம். படித்துப் பார்க்காமல் கண்ணளவாகக் கலப்பது ஆகாது. அரைப் பொட்டலம் இப்போது, மிச்சம் பிறகு என்று பங்கிடுவதும் ஆகாது. பொட்டலம் இல்லாத வேளையில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து, அதில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் இட்டு, நன்றாகக் கலக்க வேண்டும். லிட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கடையில் வாங்கும் 500 மில்லிலிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கழுவி இரு முறை நிரப்பினால் ஒரு லிட்டர். வகுப்பறையில் கொள்ளளவுப் பாடம் படித்த மாணவர்கள் இங்கே பாட்டிக்கு உதவலாம். கலந்த நீரை முதலில் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் அதனைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். உப்பு மிகுந்த நீர் குழந்தைக்கு நன்மை செய்யாததோடு பெருந்தீங்கும் செய்யும். ஆதலின் உப்பில் மட்டும் கைத்தாராளம் வேண்டா.

போத்தல்களில் விற்கும் இனிப்புச் சோடாவும், விளையாட்டு வீரர் அருந்தும் பானமும் இதற்கு ஈடாகா. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்புக் குறைவு. மிகுந்த சர்க்கரை உடம்பிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கைப் பெருக்கிவிடும்.

கலக்குவது எளிது, ஊட்டுவதில்தான் பொறுமை வேண்டும். தாகத்தால் தவிக்கும் குழந்தை குவளையைப் பிடுங்கி மடமடவெனக் குடிக்கும். உடனே அத்தனையையும் வாந்தியெடுக்கும். பார்த்திருப்பவர், இதுவும் தங்கவில்லையே என்று கைவிட்டுவிடுவார். அவ்வாறு கைவிடலாகாது. பத்து நிமிடம் பொறுத்திருந்து, பின் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுத்துவர வேண்டும். ஒரு கரண்டி ஐந்து மில்லிலிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லிலிட்டர் உள்ளே சென்றுவிடுகின்றது. சலிப்பான வேலைதான், ஆனால் கதை சொல்லிக்கொண்டே செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது. சற்றுத் தேறியதும் கஞ்சி, குழைந்த சோறு, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு எனச் சிறிது சிறிதாக உணவு கொடுக்கலாம். கிளினிக்கில் துத்தநாக மருந்து கொடுத்தால், வயிறு நின்றுவிட்டது என்று பாதியில் விடாமல் சொன்ன நாள்வரை கொடுங்கள். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரை பெரியவர்களுக்குரியது. அதனைக் குழந்தைக்கு ஒடித்துக் கொடுத்தல் ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல், பால் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

இப்போது கணக்கிற்கு வருவோம். பழைய பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நடுவே ஒரு கோடு இழுங்கள். இடப்புறம் உள்ளே சென்றவை: எத்தனை மணிக்கு, எவ்வளவு நீர், எவ்வளவு பால். வலப்புறம் வெளியே போனவை: வயிறு போனது, வாந்தி, சிறுநீர். மூன்றினுள் மிகவும் முக்கியமானது சிறுநீர். ஆனால் மிகவும் எளிதில் மறக்கப்படுவதும் அதுவே. உடம்பில் நீர் போதுமானதாக இருந்தால் குழந்தை சிறுநீர் கழிக்கும். அதன் நிறமும் வெளுத்திருக்கும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையெனில், அல்லது கருமஞ்சளாகச் சிறிதளவே போனால், கணக்கில் பற்று விழுந்துவிட்டது என்று பொருள். பேம்பர்ஸ் கட்டிய குழந்தையாயின் ஏமாந்துபோக இடமுண்டு. தண்ணீராய்ப் போன மலத்தைச் சிறுநீர் என்று எண்ணிவிடுவோம். வீட்டில் இருக்கும் வேளையில் பழைய துணியைக் கட்டினால் இக்குழப்பம் இராது.

கண் குழிந்திருத்தல், அழும்போது கண்ணீர் வராமை, நாக்கும் உதடும் உலர்ந்திருத்தல், கைக்குழந்தையின் உச்சிக்குழி அமிழ்ந்திருத்தல் ஆகியவற்றையும் பாருங்கள். வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விட்டால் உடனே விரிய வேண்டும். மடிப்பு மெதுவாக மறைந்தால் நீர் குறைந்துள்ளது. அழுது அடம்பிடிக்கும் குழந்தையைக் கண்டு அஞ்சுகின்றோம். அடங்கி ஒடுங்கிக் கிடக்கும் குழந்தையைக் கண்டு, அப்பாடா தூங்குகின்றது என்று மகிழ்கின்றோம். எழுப்பினாலும் சோர்ந்து விழும் குழந்தை, குடிக்கவும் இயலாத குழந்தை, இவையே உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. மலத்தில் இரத்தம் கண்டாலும், வாந்தி பச்சை நிறமாக இருந்தாலும் அவ்வாறே.

காய்ச்சலுக்கும் இக்கணக்கே பொருந்தும். வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து பாராசிட்டமோல். அதன் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உள்ளது. நம் நாட்டில் விற்கும் பாராசிட்டமோல் திரவ மருந்துகளில் ஒரு வகையில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராமும், இன்னொரு வகையில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராமும் மருந்து இருக்கும். இரண்டும் ஒரே வகைப் போத்தல், ஒரே இனிப்பு. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் வேண்டுமெனில், முதல் வகையில் 7.5 மில்லிலிட்டர், இரண்டாம் வகையிலோ 3.6 மில்லிலிட்டர்தான். போனமுறை ஒன்றரைக் கரண்டி கொடுத்தோமே என்று புதுப் போத்தலிலிருந்தும் ஒன்றரைக் கரண்டி ஊற்றினால் மருந்து இரு மடங்காகிவிடும். ஆகவே பெற்றோர் வேலைக்குப் புறப்படும் முன்னர், எந்தப் போத்தல், எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணிக்கு என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வைத்துச் செல்ல வேண்டும். மாணவர்கள் தாமாக மருந்தளவை முடிவு செய்யலாகாது. ஆஸ்பிரின் குழந்தைக்கு ஒருபோதும் வேண்டா. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நம் நாட்டில் காய்ச்சல் என்றவுடன் டெங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டெங்கி கண்டது. 182 பேர் மாண்டனர். டெங்கியின் வஞ்சகம் யாதெனில், அது காய்ச்சல் இறங்கும்போதுதான் தன் கைவரிசையைக் காட்டுகின்றது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடம்பு குளிரத் தொடங்கும். வீட்டார், நல்லவேளை விட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுவர். அதே வேளையில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும். வெளியே எதுவும் போகவில்லை. ஆயினும் இரத்தத்தில் நீர் குறைகின்றது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல், இருப்புக்கொள்ளாமல் புரளுதல், அளவு மீறிய சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதம் கூடாது. ஐபுபுரோபன் போன்ற வலி மருந்துகளும் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடியவையாதலின் அவற்றைத் தவிர்க்க வேண்டும். பப்பாளி இலைச்சாறு கொடுப்பவர்கள் நம்மிடையே பலர். சாறு கொடுத்தாயிற்று என்னும் தைரியத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் கேடு.

ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் இருப்பார். ஆயாக் கொட்டகையில் குழந்தை சிணுங்கினால் அவரிடம் தூக்கிச் செல்லலாம். பல தோட்டங்களில் அம்மருந்தகம் இன்று பூட்டிக் கிடக்கின்றது. கிளினிக் சிறுபட்டணத்தில் இருக்கின்றது; வாகனம் வேண்டும்; பெரும்பாலான அரசாங்கக் கிளினிக்குகள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். எனவே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்னும் சொல் நமக்குப் பொருந்தாது. நண்பகல் 12 மணிக்குக் கணக்குத் தாளைக் கூட்டிப் பாருங்கள். போனது மிகுந்து, வந்தது குறைந்திருந்தால், அப்போதே தாய்க்கோ தந்தைக்கோ தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வேலையிடத்தில் தொலைபேசி எடுக்காவிட்டால், அடுத்த வீட்டு அத்தையிடமோ மாமாவிடமோ ஓடுங்கள். இதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதைப் பெற்றோரும் உறுதியாகச் சொல்லி வைத்திருத்தல் வேண்டும்.

பெற்றோரிடம் உரிமையோடு ஒன்று கேட்க விரும்புகின்றேன். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு வராமல் நிற்பவள் எப்போதும் அக்காளாகவே இருக்கின்றாள். அண்ணன் அன்றும் பள்ளிக்கு வந்துவிடுகின்றான். பத்து வயதுப் பெண் ஒருத்தி, ஆண்டு முழுவதும் இப்படி விட்டுவிட்டு வந்தால், அவள் விட்ட பாடங்களை யார் மீட்டுக் கொடுப்பது? பத்து வயதுப் பிள்ளை மருத்துவருக்கும் தாதிக்கும் ஈடாகாள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இயன்றவரை பெரியவர் ஒருவர் முறைவைத்து விடுப்பு எடுங்கள், தந்தையும் எடுக்கலாம். இயலாத நாளில் பாட்டிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கணக்குத் தாளைக் காட்டி விளக்கிவிட்டுச் செல்லுங்கள். எழுத்தறியாத பாட்டியாயின், ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையை வைத்து, நூறு மில்லிலிட்டர் கொடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை வெளியே எடுத்து வைக்கச் சொல்லலாம்.

மருத்துவரைக் காணும்போது அவர் முதலில் கேட்கும் வினாக்கள் சிலவே. என்றைக்குத் தொடங்கியது? எத்தனை முறை போனது? என்ன குடித்தது? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? பதற்றத்தில் தாய்க்கு நினைவு வராது. தாளை நீட்டினால் போதும். குழந்தையின் சிறிய சுகாதாரப் புத்தகத்தையும் மருந்துப் போத்தலையும் அதே பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். குழந்தை மயங்கினாலோ வலிப்புக் கண்டாலோ 999 என்னும் எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரோடு எந்தச் சாலை, எந்தத் திருப்பம், எந்தக் கோயிலருகே என்று வழியையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் செம்பனைக் காட்டு மண்சாலைகள் எல்லாம் ஒன்றாகவே தெரியும். யாராவது ஒருவர் பெரிய சாலையின் சந்திப்பில் கைவிளக்குடன் நின்றுகொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முன்னர்க் கலந்து வைத்த நீரில் மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரு நாளுக்கு மேல் அதனை வைத்திருக்கலாகாது.